கல் பட்ட கண்ணாடியும் காப்புறுதியும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள், நல்ல நிலையில் இருக்கும்வரை எவராலும் நினைக்கப்படாதது முன்கண்ணாடி. இயந்திரத்தின் ஓசை சற்று மாறினாலும் சாரதி செவிசாய்ப்பான். சில்லிற் காற்றுக் குறைந்தால் இறங்கிப் பார்ப்பான். கண்ணாடியையோ அவன் பார்ப்பதில்லை, அதனூடாகவே பார்க்கின்றான். முன்னே செல்லும் பாரவண்டியின் சில்லிற் சிக்கிய பரற்கல் ஒன்று தெறித்து வந்து மோதி, அக்கண்ணாடியிற் சிறு வடுவொன்றை உண்டாக்கும்போதுதான், அப்படியொரு பொருள் தனக்கு முன்னே இருந்தது என்பதை அவன் உணர்கின்றான்.

அவ்வடுவைத் திருத்தலாம் என்பது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. கண்ணாடி முழுவதையும் மாற்றுவதற்குப் பெருந்தொகை வேண்டும். வடுவை மட்டும் திருத்துவதற்குச் சிறுதொகை போதும். ஆதலால், காப்புறுதிக் கம்பனிகள் திருத்துதலையே விரும்புகின்றன. ஆனால், திருத்திய கண்ணாடி சில நாட்களிலோ, ஏன், திருத்திக்கொண்டிருக்கும்போதோ, குறுக்கே நீள வெடித்துவிடுவதும் உண்டு. அப்பொழுது எழுகின்ற வினா சிறியதன்று. புதிய கண்ணாடிக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் யார்? திருத்தியவரா, காப்புறுதிக் கம்பனியா, வண்டியின் சொந்தக்காரரா?

இவ்வினாவிற்கு விடை நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானியாவில் இது அன்றாடம் எழும் பிரச்சினை. அதனைத் தீர்ப்பதற்கான சட்டமும் மன்றங்களும் அங்கு நன்கு வளர்ந்துள்ளன. இலங்கையிலிருந்து சென்று இலண்டன் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி, நாள்தோறும் வண்டி செலுத்தும் தமிழரும் பலர். ஆகவே, அந்நாட்டு முறையையே இங்கு எடுத்து ஆராய்தல் பொருத்தமாகும்.

முதற்கண் கண்ணாடியின் இயல்பை அறிதல் வேண்டும். வண்டியின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் வெப்பத்தாற் கடினப்படுத்தப்பட்டவை. அவை உடைந்தால் சிறு மணிகளாகச் சிதறும். அவற்றைத் திருத்த இயலாது. முன்கண்ணாடியோ அவ்வாறன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே தெளிவான பிளாஸ்ரிக் படலம் ஒன்றை வைத்து ஒட்டி ஆக்கப்பட்டது அது. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ளது; இடையிலுள்ள படலம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்தது. கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் அப்படலத்தை விட்டு அகலா. இவ்வொட்டுக் கண்ணாடியின் தோற்றத்திற்குக் காரணராயிருந்தவர் எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1903ஆம் ஆண்டு அவரது ஆய்வுகூடத்திற் கீழே விழுந்த குடுவையொன்று உடைந்தும் சிதறாது நின்றது. அதன் உட்புறத்திற் காய்ந்து ஒட்டியிருந்த செலுலோயிட்டுப் படையே அதற்குக் காரணம் என்பதை அவர் கண்டறிந்தார். 1909இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது வரலாறு.

கண்ணாடியின் மறுகுணம் ஒன்றையும் கருதுதல் வேண்டும். தோற்றத்திற் சிறிதாயுள்ள ஒரு கீறல், கண்ணாடியின் வலிமையைப் பன்மடங்கு குறைத்துவிடும். இதன் காரணத்தை ஏ. ஏ. கிரிபித்து என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1921ஆம் ஆண்டு வெளிவந்த தமது ஆய்வுரையில் விளக்கினார். பொருளொன்றின்மீது சுமத்தப்படும் இழுவிசை, அதிலுள்ள வெடிப்பின் கூரிய முனையிற் சென்று குவிகின்றது. இரும்பாயின் அம்முனையிற் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கண்ணாடிக்கோ நெகிழ்ச்சியென்பது இல்லை. ஆகவே, குவிந்த விசை வெடிப்பை மேலும் நீட்டுகின்றது. அதற்கு ஈரமும் துணைசெய்யும். வெடிப்பினுள் நுழைந்த நீர் அதன் முனையிலுள்ள பிணைப்புக்களைத் தளரச் செய்வதால், பேரடி ஒன்றும் படாமலே வெடிப்பு மெல்ல மெல்ல வளர்தல் கூடும். குளிர்ந்த காலையொன்றில், உறைபனி படிந்த கண்ணாடிக்கு உள்ளேயிருந்து வெப்பக் காற்றைச் செலுத்தும்போது, மாதக்கணக்காக அசையாதிருந்த வடுவொன்று கணப்பொழுதில் நெடுங்கோடாக ஓடுவதன் காரணம் இதுவே.

திருத்துவோர் செய்வது யாதெனில், அவ்வெடிப்பின் இடைவெளியை நிரப்பி, அதன் முனையைக் கட்டிவிடுவதாகும். வடுவின் மேலே சிறு கருவியொன்றைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முதலில் உறிஞ்சி எடுப்பர். பின்னர், தெளிவான பிசினொன்றை அழுத்தத்தோடு உட்செலுத்துவர். ஊதாக்கடந்த கதிர்களைப் பாய்ச்சினால் அப்பிசின் இறுகும். மேற்பரப்பை மழித்துத் துலக்கினால் வேலை முடிந்தது. அரைமணி நேரம் அளவிற் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. கண்ணாடி ஒளியை எவ்வளவு முறிக்கின்றதோ, ஏறக்குறைய அவ்வளவே முறிக்கும் பிசினைத் தேர்ந்தெடுப்பதால் வடு மங்கிவிடுகின்றது. ஆனால், முற்றாக மறைந்துவிடுவதில்லை. உற்று நோக்குபவருக்குச் சிறு தழும்பு தெரியும். திருத்துதலின் நோக்கம் வலிமையை மீட்பதும் வெடிப்பை நிறுத்துவதுமேயன்றி, வடுவைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்வதன்று.

எல்லா வடுவையும் திருத்த முடியுமா என்றால், முடியாது. வெளித்தகட்டில் மட்டும் உண்டான சேதமே திருத்தத்தக்கது. உட்தகடு உடைந்திருந்தால் கண்ணாடியை மாற்றுவதே வழி. விளிம்பை அடுத்துள்ள வெடிப்பும் திருத்துவதற்கு ஏற்றதன்று. ஏனெனில், கண்ணாடியிலுள்ள இறுக்கம் அங்கேதான் மிகுதி. சாரதியின் கண்ணுக்கு நேரேயுள்ள பகுதியிலோ மிகச் சிறிய வடுவும் தொல்லை தரும். பிரித்தானியாவின் வருடாந்த வண்டிப் பரிசோதனையில் இதற்கு அளவும் வகுக்கப்பட்டுள்ளது. சுக்கானின் நடுவை மையமாகக்கொண்டு 290 மில்லிமீற்றர் அகலமுள்ள பட்டையினுள், 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட சேதம் இருத்தலாகாது. துடைப்பான்கள் துடைக்கும் எஞ்சிய பரப்பில் 40 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. மேற்பரப்போடு மட்டமாகவும், கண்ணுக்கு எளிதிற் புலப்படாததாகவும் அமைந்த திருத்தம் சேதமாகக் கொள்ளப்படமாட்டாது.

இனி, திருத்தம் தவறுதல் என்பது ஒரே வகையினதன்று, மூன்று வகையினது. முதலாவது, திருத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி வெடித்தல். இரண்டாவது, வேலை முடிந்து சில நாட்களோ மாதங்களோ சென்றபின், திருத்திய இடத்திலிருந்தே வெடிப்பு ஓடுதல். மூன்றாவது, வெடிக்காவிடினும், பிசின் மஞ்சளித்தோ, காற்றுக் குமிழிகள் எஞ்சியோ, பார்வையை மறைத்தல். இம்மூன்றையும் ஒன்றெனக் கருதி வாதாடுவதனாலேயே பல முறைப்பாடுகள் பயனின்றிப் போகின்றன. அத்துடன், திருத்திய இடத்திற்கு அப்பால் வேறோர் இடத்தில் எழுந்த வெடிப்பு, திருத்தத்தின் தவறாகாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அது புதிய கல்லின் வேலையாக இருக்கலாம்.

காப்புறுதிப் பத்திரம் இவ்விடயத்திற் கூறுவதென்ன? பிரித்தானியாவிற் பலவகைச் சேதங்களுக்கும் ஈடளிக்கும் முழுக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றிற் கண்ணாடிக்கெனத் தனிப்பிரிவு ஒன்று உண்டு. அதிற் காப்புறுதி பெற்றவர் தம் கையிலிருந்து முதலிற் செலுத்த வேண்டிய தொகையொன்று குறிக்கப்பட்டிருக்கும். எக்செஸ் என வழங்கப்படுவது இதுவே. திருத்துவதற்கு இத்தொகை சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். மாற்றுவதற்குப் பெரிதாக இருக்கும். கண்ணாடிப் பிரிவின் கீழ்ச் செய்யும் கோரிக்கை, கோரிக்கை செய்யாதோர்க்குக் கிடைக்கும் கழிவைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. கம்பனி அங்கீகரித்த திருத்துவோரிடம் செல்லாது வேறோரிடஞ் சென்றால், கம்பனி கொடுக்கும் தொகைக்கு வரம்பு விதிக்கும் பத்திரங்களும் உள. ஆகவே, பத்திரத்தை வாசியாது திருத்துவோரை அழைப்பது, விலை கேளாது பண்டம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

திருத்தத் தொடங்குமுன் வண்டிச் சொந்தக்காரரிடம் கையொப்பம் ஒன்று வாங்கப்படுவது வழக்கம். திருத்தும்போது கண்ணாடி வெடித்தல் கூடும், அவ்வாறு வெடித்தால் தாம் பொறுப்பல்லர், எனினும் திருத்துவதற்குப் பெற்ற கட்டணத்தைப் புதிய கண்ணாடியின் விலையிற் கழித்துக்கொள்வோம் என்ற கருத்துப்பட அப்பத்திரம் அமைந்திருக்கும். இதைக் காட்டி, உமக்கு யாதொரு உரிமையும் இல்லை என்று சில திருத்துவோர் கூறுகின்றனர். அதைக் கேட்டு வாய்மூடிச் செல்வோரும் உளர். சட்டத்தின் நிலை அதுவன்று.

2015ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைச் சட்டம் அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 49ஆம் பிரிவு, சேவை செய்வோர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதனைச் செய்தல் வேண்டும் என்கின்றது. 57ஆம் பிரிவின்படி, அக்கடமைக்குரிய பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை பாவனையாளரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே, கையொப்பமிட்ட அறிவிப்பு ஓர் எச்சரிக்கையாக நிற்கும். கவனயீனத்திற்கு அனுமதிச் சீட்டாக நில்லாது. கண்ணாடியின் இயல்பினால், எவர் கை பட்டிருந்தாலும் வெடித்திருக்கும் என்றால், முன்னரே எச்சரித்த திருத்துவோர்மீது குற்றமில்லை. ஈரத்தை அகற்றாது பிசினைச் செலுத்தியதனாலோ, அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தாலோ, திருத்தத்தகாத விளிம்பு வடுவைத் திருத்த முற்பட்டதனாலோ வெடித்தது என்றால், அறிவிப்பு அவரைக் காப்பாற்றாது.

ஆயின், கவனக்குறைவு நிகழ்ந்தது என்பதை நிறுவ வேண்டியவர் யார்? இங்குதான் பலர் இடறி விழுகின்றனர். கடையில் வாங்கிய பொருளில் 6 மாதங்களுள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும் சந்தர்ப்பங்கள் உள. சேவைக்கு அத்தகைய அனுமானம் இல்லை. திருத்தம் தவறியது என்பதை மட்டும் காட்டினாற் போதாது. திருத்தியவர் செய்யத்தக்கதைச் செய்யாது விட்டார் என்பதையும் காட்டுதல் வேண்டும். மருந்துண்டும் நோய் தீராமை வைத்தியரின் குற்றத்திற்குச் சான்றாகாதது போலவே இதுவும்.

குற்றம் நிறுவப்பட்டால் கிடைக்கும் பரிகாரம் என்ன? அதே வேலையை மீண்டுஞ் செய்து தருமாறு கேட்பது முதலாவது. அஃது இயலாதவிடத்து விலையைக் குறைக்குமாறு கேட்பது இரண்டாவது. பிசின் சரியாக நிரம்பாத வடுவை ஒருவேளை மீண்டும் திருத்தலாம். நெடுக வெடித்த கண்ணாடியைத் திருத்த இயலாது. ஆகவே, அங்கு விலைக்குறைப்பே வழி. அது கட்டணம் முழுவதையும் மீளப் பெறும்வரை செல்லலாம். அதற்கு மேலும், கவனக்குறைவினால் விளைந்த நட்டத்தையும் கேட்கலாம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். காப்புறுதியின் துணையின்றி ஒருவர் 60 பவுண் கொடுத்து வடுவைத் திருத்தினார் என்றும், அது வெடித்ததனால் 600 பவுண் கொடுத்துப் புதிய கண்ணாடி போட்டார் என்றும் வைத்துக்கொள்க. வேலை ஒழுங்காக நடந்திருந்தால் அவருக்கு 60 பவுண் செலவோடு நல்ல கண்ணாடி எஞ்சியிருக்கும். ஆகவே, கவனக்குறைவினால் அவர் இழந்தது 600 பவுண். அறுபதையும் அறுநூறையும் ஒருங்கே கேட்பது, ஒரே நட்டத்திற்கு இருமுறை ஈடு பெறுவதாகும். இதற்கு மாறாக, எவருடைய குற்றமுமின்றி, எப்படித் திருத்தினும் வெடித்தே தீரும் கண்ணாடியாக அஃது இருந்திருந்தால், 600 பவுண் கல்லினால் விளைந்த நட்டமேயன்றித் திருத்தியவரால் விளைந்த நட்டமன்று. அவர் வாக்களித்தபடி 60 பவுணைக் கழித்துக் கொடுத்தால் அத்துடன் அவர் கடமை முடிந்தது.

காப்புறுதிக் கம்பனியே திருத்துவோரை ஏற்பாடு செய்த இடத்தில் நிலைமை வேறாகும். அங்கு வண்டிச் சொந்தக்காரர் திருத்துவோரைத் தேடிச் செல்லவில்லை, கம்பனியே அனுப்பிவைத்தது. நட்டத்திற்குப் பணம் கொடுப்பதா, பொருளைத் திருத்திக் கொடுப்பதா என்ற இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுத்த கம்பனி, தெரிந்தெடுத்ததைச் செவ்வனே நிறைவேற்றக் கடமைப்பட்டது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. 1859ஆம் ஆண்டில், பிறவுண் என்பவருக்கும் றோயல் காப்புறுதிக் கம்பனிக்கும் இடையே நடந்த வழக்கில் இது தெளிவாக்கப்பட்டது. தீயினாற் சேதமுற்ற கட்டிடத்தை மீளக் கட்டித் தருவதாகக் கூறிய கம்பனி, அக்கட்டிடம் ஆபத்தானதென அதிகாரிகள் இடித்த பின்னரும், தான் தெரிந்தெடுத்த கடமையிலிருந்து விலக முடியாது என நீதிமன்றம் தீர்த்தது. எண்ணியதிலும் செலவு மிகுந்தது என்ற சமாதானம் ஏற்கப்படவில்லை. கட்டிடத்திற்குச் சொன்ன நியாயம், கண்ணாடிக்கும் பொருந்தும்.

இன்று பிரித்தானியாவிற் காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் நிதி நடத்தை அதிகாரசபையின் விதிகளும், கோரிக்கைகளைத் தாமதமின்றியும் நியாயமாகவும் கையாளுமாறு பணிக்கின்றன. தாம் ஏற்பாடு செய்த திருத்துவோரின் வேலை பிழைத்தால், அதனைச் சரிசெய்யும் பொறுப்பு கம்பனியையே சாரும் என்பது, முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதித்துறைக் குறைகேள் சேவையின் பொதுவான நோக்கு. ஆகவே, திருத்தியவரிடமே போய்க் கேளும் என்று கம்பனி கூறுமாயின், அவ்விடை முடிவான விடையன்று.

அப்படியாயின், எக்செஸ் என்னும் தொகையை இரண்டாம் முறையும் கட்ட வேண்டுமா? அதிகம் மனக்கசப்பை விளைவிப்பது இவ்வினாவே. திருத்துவதற்கு 20 பவுணும், மாற்றுவதற்கு 120 பவுணும் கட்ட வேண்டும் எனப் பத்திரம் கூறுவதாகக் கொள்க. திருத்தம் எவருடைய குற்றமுமின்றித் தவறினால், அவர் கட்டிய 20 பவுணைக் கழித்து, மிகுதி 100 பவுணைக் கேட்பது நியாயம். தொடக்கத்திலேயே கண்ணாடியை மாற்றியிருந்தால் அவர் கட்டியிருக்கக்கூடிய தொகைக்கு மேல் ஒரு சதமும் அவர் இழக்கவில்லை. கழிக்காது 140 பவுணையும் வாங்கினால், கம்பனி விரும்பியபடி முதலிற் திருத்தச் சம்மதித்ததற்காக அவருக்கு 20 பவுண் தண்டம் விதித்ததாகும். கல் ஒன்று, சேதம் ஒன்று, ஆகவே எக்செஸும் ஒன்றாயிருத்தலே முறை. திருத்தியவரின் கவனக்குறைவினாலே கண்ணாடி வெடித்திருந்தாலோ, அந்த 100 பவுணையும் அவரிடம் கேட்பது பொருந்தாது. வேலை ஒழுங்காக நடந்திருந்தால் அவர் சுமை இருபதோடு நின்றிருக்கும் அல்லவா?

தொகை சிறிதென்று இவ்விடயத்தைத் தள்ளிவிடலாகாது. வடு கண்டவுடன் அறிவித்துத் திருத்திக்கொள்க என்று கம்பனிகள் எல்லோருக்கும் அறிவுறுத்துகின்றன. அவ்வறிவுரையைக் கேட்டு நடந்தவர், கேளாது இருந்தவரைவிட அதிகம் இழப்பாரானால், அடுத்தமுறை அவர் வடுவை மறைத்து வைப்பார். அல்லது பார்த்தும் பாராதிருப்பார். அதனால் வரும் கேடு அவரோடு நிற்பதில்லை. விபத்தின்போது முன்கண்ணாடி கூரையின் வலிமைக்குத் துணைநிற்கின்றது. முன்னிருக்கையில் அருகே அமர்ந்திருப்பவரைக் காக்க விரியும் காற்றுப் பை, பல வண்டிகளில் அக்கண்ணாடியிற் சாய்ந்தே நிலைபெறுகின்றது. பாதையைக் கவனித்துச் சாரதிக்கு உதவும் ஒளிப்படக் கருவிகள் பல புதிய வண்டிகளில் அக்கண்ணாடியின் பின்னே பொருத்தப்பட்டுள்ளன. கண்ணாடியை மாற்றினால் அக்கருவியையும் மீளச் செம்மை செய்தல் வேண்டும். செலவும் அதற்கேற்ப உயர்ந்துள்ளது. ஆகவே, நியாயமான தீர்ப்புப் பணத்தை மட்டுமன்று, உயிரையும் பொறுத்தது.

முறைப்பாடு செய்ய விரும்புவோர்க்குச் சான்றே வலிமை. கல் பட்ட அன்றே வடுவை நாணயமொன்றை அருகில் வைத்துப் படம் பிடித்தல் நன்று. அதன் அளவு பின்னர் தர்க்கத்திற்கு இடமாகாது. திருத்தத் தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் படம் எடுத்தல் வேண்டும். கையொப்பமிட்ட பத்திரத்தின் பிரதியையும், வேலை செய்த நாளைக் காட்டும் பற்றுச்சீட்டையும், உத்தரவாதம் கொடுத்திருந்தால் அதனையும் பேணி வைத்தல் வேண்டும். வெடிப்புத் தோன்றினால், அஃது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது தெரியும்படி மீண்டும் படம் எடுத்தல் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, உடைந்த கண்ணாடி. புதியதைப் போட்டவுடன் பழையதைக் கழிவோடு கொண்டு செல்வது தொழிலாளரின் வழக்கம். அது போய்விட்டால் வழக்கின் நாவே போய்விட்டது எனலாம். திருத்தத்தோடு தொடர்பற்ற வேறொரு தொழிலறிஞர் அதனைப் பார்த்து எழுத்தில் தரும் கருத்து, நூறு கோபக் கடிதங்களைவிடப் பயன் தரும்.

முறைப்பாட்டின் படிகளும் அறியத்தக்கவை. கம்பனி ஏற்பாடு செய்த வேலையாயின், கம்பனிக்கே முதலில் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். 8 கிழமைகளுள் கம்பனி தன் முடிவான விடையைத் தருதல் வேண்டும். விடை வராவிட்டாலும், வந்தது திருப்தியளிக்காவிட்டாலும், 2000ஆம் ஆண்டின் நிதிச்சேவைகள், சந்தைகள் சட்டத்தின் கீழ் அமைந்த குறைகேள் சேவையை நாடலாம். முடிவான விடை கிடைத்த நாளிலிருந்து 6 மாதங்களுள் நாடுதல் வேண்டும் என்பதை மறத்தலாகாது. அச்சேவை பாவனையாளரிடம் கட்டணம் பெறுவதில்லை. அதன் இறுதித் தீர்ப்பை முறைப்பாட்டாளர் ஏற்றால் அது கம்பனியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் அவர் நீதிமன்றம் செல்வதற்குத் தடையில்லை.

சொந்தச் செலவில் தாமே திருத்துவோரை அமர்த்தியவருக்கு அவ்வாயில் திறவாது. ஏனெனில் திருத்துவோர் காப்புறுதிக் கம்பனியல்லர். அவர் முதலிற் திருத்துவோருக்கு எழுதி, பயனில்லையேல் சிறுகோரிக்கை வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தை நாடலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 10,000 பவுண் வரையிலான இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் இவ்வெளிய முறையில் நடைபெறுகின்றன. ஒப்பந்த மீறலுக்குரிய வழக்கை 6 ஆண்டுகளுள் தொடுத்தல் வேண்டும். எனினும், கண்ணாடியின் சான்று ஆறு கிழமையேனும் நிலைத்திருக்குமோ என்பது ஐயமாதலால், காலந்தாழ்த்துவது அறிவுடைமையன்று.

இவ்விடத்தில் ஒரு மனச்சபலத்தையும் குறிப்பிடுதல் பொருந்தும். திருத்தம் தவறியதை நிறுவுவது கடினம் என்று கண்டு, நேற்றுப் புதிய கல்லொன்று பட்டது எனக் கோரிக்கை எழுதத் துணிவோர் உளர். பொய்யான கோரிக்கைக்குக் கம்பனி பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றும், அச்செயல் நிகழ்ந்த காலத்திலிருந்து ஒப்பந்தத்தையே முடிந்ததாகக் கருதலாம் என்றும் 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம் கூறுகின்றது. நூறு பவுணைக் காக்கப்போய்க் காப்புறுதியையே இழப்பது, இலாபமற்ற வியாபாரம். பிசின் நிரம்பிய பழைய வடுவைத் தொழிலறிந்தவர் பார்த்த மாத்திரத்தே இனங்காண்பர் என்பதும் நினைக்கத்தக்கது.

மறுபக்கத்து நியாயத்தையும் கூறாது விடுதல் முறையன்று. கவனமாகச் செய்யப்படும் திருத்தம் நல்ல முறையே. தொழிற்சாலையிற் பொருத்திய கண்ணாடியை அசைக்காது காப்பாற்றுகின்றது, செலவைக் குறைக்கின்றது, கழிவையும் குறைக்கின்றது. திருத்துவோரும் தம் கையில் வரும் கண்ணாடியின் முன்வரலாற்றை அறியார். கல் பட்டு இரண்டு மாதங்கள் வாளாவிருந்து, மழைநீரும் தூசும் சவர்க்காரமும் வடுவினுள் ஊறிய பின்னர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலை பிழைத்தது என்று கூறுவது எவ்வளவு நியாயம்? வடு கண்டவுடன் ஒளி புகும் ஒட்டுநாடா ஒன்றால் அதனை மூடுதல், உறைபனி நாளிற் சுடுநீர் ஊற்றாதிருத்தல், வெப்பக் காற்றைச் சிறிது சிறிதாகவே செலுத்துதல், இயன்ற விரைவிற் திருத்துவோரிடம் காட்டுதல் ஆகியவை சொந்தக்காரரின் பங்கு. தம் பங்கைச் செய்தவருடைய முறைப்பாட்டிற்கே முழு வலிமை உண்டு.

அவ்வாறே, திருத்துவோருக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வடு திருத்தத்தக்கதன்று என்று சொல்லி, சிறு கட்டணத்தை இழக்கும் துணிவு அவருக்கு வேண்டும். காப்புறுதிக் கம்பனியும், செலவு குறைவு என்ற ஒன்றையே கருதித் தகாத வடுவையும் திருத்துமாறு தூண்டுதலாகாது. மூவரும் தத்தம் பங்கைச் செய்த பின்னரும் கண்ணாடி வெடிக்குமாயின், அது கல்லின் வினை. அதற்கென்றே காப்புறுதி உள்ளது. மூவருள் ஒருவர் தம் பங்கைச் செய்யாது விட்டதனால் வெடிக்குமாயின், அந்நட்டத்தை அவரே ஏற்றல் வேண்டும். சட்டப் பிரிவுகள் எத்தனையாயினும், குறைகேள் அதிகாரியும் நீதிபதியும் ஈற்றில் தேடுவது இந்த ஒன்றையே. அதனைக் காட்டுவதற்குரிய சான்றுகளைக் கல் பட்ட நாள்முதற் சேர்த்து வைத்தவர், தம் உரிமையைக் கேட்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.